நெமான்யா விடிச்: பந்தைத் தேடிப் போன டிஃபெண்டர்

"மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர்கள் நெமான்யா விடிச்சை ஏன் இவ்வளவு தூக்கிவைத்துப் பேசுகிறார்கள்? யூடியூபில் தேடினால் லிவர்பூல் ஸ்ட்ரைக்கர் டோரஸிடம் பந்தைப் பறிகொடுத்ததும், சிவப்பு அட்டை வாங்கி வெளியே போவதும்தான் வருகிறது. உண்மையிலேயே அவர் அவ்வளவு பெரிய ஆட்டக்காரரா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஆமாம், பெரிய ஆட்டக்காரர்தான். இங்கிலாந்தின் முதல்நிலை லீகான பிரீமியர் லீகில் ஆடிய சென்டர் பேக்குகளில், அதாவது நடுவில் நிற்கும் டிஃபெண்டர்களில், முதல் ஐந்து பேரைச் சொல்லச் சொன்னால் அவரை நான் விடமாட்டேன். நீங்கள் பார்த்த அந்த வீடியோக்களும் பொய்யில்லை. எந்தக் குணம் அவரைப் பெரிய ஆளாக்கியதோ அதுதான் அந்த அட்டைகளையும் வாங்கிக்கொடுத்தது. பந்து தன்னிடம் வரட்டும் என்று நிற்கிற ஆள் இல்லை அவர். பந்து எங்கே விழப்போகிறதோ அங்கே ஸ்ட்ரைக்கருக்கு முன்னால் போய் நிற்பார். பிடி கிடைத்தால் ஆபத்து அங்கேயே முடிந்துவிடும். தவறினால் அவருக்குப் பின்னால் மைதானம் திறந்து கிடக்கும். இதை மனதில் வைத்துக்கொண்டு அவர் கதையைக் கேட்டால் எல்லாம் பொருந்தி வரும்.

1981 அக்டோபர் 21 அன்று மேற்கு செர்பியாவில் மலைகளுக்கு நடுவே இருக்கும் ஊஷிட்சே நகரத்தில் பிறந்தார். அப்போது அது யூகோஸ்லாவியா, ஊரின் பெயரும் அந்த நாட்டின் தலைவர் டிட்டோவின் பெயரைச் சேர்த்து டிட்டோவோ ஊஷிட்சே. செப்புத் தொழிற்சாலையை நம்பி வாழ்ந்த ஊர் அது. அவருடைய அப்பாவும் அங்கே வேலை பார்த்தவர்தான். உள்ளூர் அணிகளில் ஆடிவிட்டு, பதினைந்து வயதை நெருங்கும்போது பெல்கிரேடின் ரெட் ஸ்டார் இளையோர் அணிக்குப் போனார். 1999இல் நேட்டோ படைகள் யூகோஸ்லாவியா மீது குண்டு வீசிய அந்த 78 நாட்களின்போது அவருக்கு வயது 17. அந்த நகரத்தில், அந்த வருடங்களில் கால்பந்தைத் தொழிலாகப் பிடித்துக்கொண்ட தலைமுறை அது. செர்பிய வீரர்களின் "முரட்டுத்தனம்" பற்றி ஆங்கிலப் பத்திரிகைகள் எழுதியதில் எனக்குப் பெரிய உடன்பாடு கிடையாது. ஆனால் கிடைத்த இடத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்காத பிடிவாதம் அவர்களிடம் இருந்தது உண்மை.

ஒரு சீசன் ஸ்பார்டக் சுபோட்டிட்சாவில் கடனுக்கு ஆடிவிட்டு ரெட் ஸ்டாருக்குத் திரும்பினார். சீக்கிரமே கேப்டனும் ஆனார். 2003-04இல் லீகும் கோப்பையும் சேர்ந்தே கிடைத்தன. அந்தக் கோடையில் ஸ்பார்டக் மாஸ்கோ அவரை வாங்கியது. அங்கே ஒன்றரை வருடம். 2005இல் ஸ்பார்டக் ரஷ்ய லீகில் இரண்டாம் இடம் பிடித்தது. அந்தக் காலத்தில் அவர்கள் ஆடிய மைதானம் லுஷ்னிகி. அந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் பெயரை ஐரோப்பா முழுக்கக் கொண்டுபோனது தேசிய அணிதான். 2006 உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் செர்பியா-மாண்டினீக்ரோ இருந்த பிரிவில் ஸ்பெயின், பெல்ஜியம், போஸ்னியா எல்லாம் இருந்தன. இலியா பெட்கோவிச் பயிற்சியாளர். பின்வரிசையில் கவ்ரான்சிச், விடிச், கிர்ஸ்டாயிச், டிராகுடினோவிச் என்று நால்வர். பத்துப் போட்டிகளில் இந்த அணி வாங்கிய கோல் ஒன்றே ஒன்று. மாட்ரிட்டில் ரவுல் போட்டது. அந்த ஆட்டமும் 1-1 என்று சமனில் முடிந்தது. ஸ்பெயினைப் பின்னுக்குத் தள்ளி, பிரிவில் முதலிடம் பிடித்து நேராக ஜெர்மனிக்கு டிக்கெட் வாங்கினார்கள்.

அப்புறம் நடந்தது வேதனை. கடைசித் தகுதிப் போட்டியில் வாங்கிய அட்டையால், உலகக் கோப்பையில் நெதர்லாந்துக்கு எதிரான முதல் ஆட்டத்தில் விடிச்சுக்குத் தடை. அது போதாதென்று பயிற்சியில் முழங்காலில் அடிபட்டு, தொடர் முழுவதும் வெளியே உட்கார்ந்தார். பத்து ஆட்டங்களில் ஒரு கோல் வாங்கிய அணி, அவர் இல்லாமல் மூன்றே ஆட்டங்களில் பத்துக் கோல் வாங்கியது. அர்ஜென்டினாவிடம் மட்டும் ஆறு. அவர் ஒருவர் இல்லாததுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. போட்டி தொடங்குவதற்குச் சில நாட்களுக்கு முன்புதான் மாண்டினீக்ரோ பிரிந்துபோயிருந்தது. இல்லாமல் போன ஒரு நாட்டின் பெயரில் அந்த அணி ஆடிக்கொண்டிருந்தது.

இதற்குள் அவர் மான்செஸ்டருக்கு வந்துவிட்டார். 2005 கிறிஸ்துமஸ் சமயத்தில் ஒப்பந்தம், சுமார் 70 லட்சம் பவுண்டு. அடுத்த சில வாரங்களில் மொனாக்கோவிலிருந்து பட்ரிஸ் எவ்ராவும் வந்தார். இருவருக்கும் முதல் ஆறு மாதம் கஷ்டம்தான். ரஷ்ய லீக் நவம்பரிலேயே முடிந்துவிடும் என்பதால் விடிச் ஆட்டப் பழக்கம் விட்டுப்போன நிலையில்தான் வந்திருந்தார். இங்கிலாந்திலோ சீசன் பாதி ஓடி முழுவேகத்தில் இருந்தது. அந்த ஆறு மாதத்தை மட்டும் பார்த்தவர்கள் யுனைடெட் பயிற்சியாளர் பெர்குசன் இரண்டு பேரைத் தப்பாக எடுத்துவிட்டார் என்றார்கள். அடுத்த சீசன் முடியும்போது அவர்களில் ஒருவர்கூட அப்படிப் பேசவில்லை.

சரி, அவர் என்னதான் செய்தார்? இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். கோல் அடிக்கிற வீடியோ மாதிரி இது கண்ணில் படாது.

எதிரணி கோல்கீப்பர் பந்தை ஓங்கி உதைக்கிறார் என்று வையுங்கள். சாதாரண டிஃபெண்டர் ஸ்ட்ரைக்கருக்குப் பின்னால் ஒட்டி நின்று, அவர் பந்தைக் கட்டுப்படுத்தும்போது தொந்தரவு கொடுப்பார். விடிச் பந்து காற்றில் இருக்கும்போதே இரண்டடி பின்வாங்குவார். பிறகு அங்கிருந்து ஓடிவந்து எம்புவார். நின்ற இடத்திலிருந்து எம்பும் ஸ்ட்ரைக்கரால் ஓடிவந்து எம்பும் ஆளோடு போட்டிபோட முடியாது. நெற்றி பந்தில் பட்டால் அது முப்பது மீட்டர் தள்ளிப் போய் விழும். கால்கள் நிறைந்த இடத்திலும் தலையைக் கொடுப்பார், பூட்ஸ் உயரத்தில் வரும் பந்துக்கும் குனிந்து தலையைக் கொடுப்பார். 2007 மார்ச் கடைசியில் பிளாக்பர்னுக்கு எதிராக விழுந்து காறை எலும்பை உடைத்துக்கொண்டவர், மே 2ஆம் தேதி மிலானில், ஐரோப்பியக் கிளப்புகளின் பெரிய கோப்பையான சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் மறுபடி களத்தில் நின்றார். முழுதாகத் தயாராகாமல் இறங்கினார் என்பது பார்த்தவர்களுக்குத் தெரியும். அணி 3-0 என்று தோற்றது.

இந்தப் பாணிக்கு ஒரு துணை வேண்டும். ஒருவர் முன்னால் பாய்ந்தால் இன்னொருவர் பின்னால் நிற்கவேண்டும். அந்த இன்னொருவர் ரியோ பெர்டினாண்ட். வேகமானவர், காலில் பந்து இருந்தால் நிதானமானவர், எல்லாவற்றையும்விட விடிச் எப்போது பாய்வார் என்று முன்கூட்டியே தெரிந்தவர். பழைய ஆட்டம் ஏதாவது பார்த்தால் பந்தை விட்டுவிட்டு பெர்டினாண்டை மட்டும் பாருங்கள். விடிச் எம்பத் தொடங்கும்போதே அவர் நான்கைந்து அடி பின்னால் நகர்ந்திருப்பார். தலைக்கு மேல் பந்து தப்பினால் அதை எடுக்க ஆள் தயார். இவர்களுக்கும் பின்னால் கோல்கீப்பர் எட்வின் வான் டெர் சார். இந்த மூன்று பேரையும் தனித்தனியாக மதிப்பிடவே கூடாது என்பது என் கருத்து.

2006-07, 2007-08, 2008-09 என்று தொடர்ந்து மூன்று லீக் பட்டங்கள். 2007-08இல் 38 ஆட்டங்களில் வாங்கியது 22 கோல். அந்த சீசனின் முடிவில்தான் நான் ஞாபகம் வைக்கச் சொன்ன லுஷ்னிகி வருகிறது. 2008 மே மாதம், மாஸ்கோவில் சாம்பியன்ஸ் லீக் இறுதி, செல்சிக்கு எதிராக. தான் உள்ளூர் ஆட்டங்கள் ஆடிய அதே மைதானத்தில் விடிச் 120 நிமிடமும் ஆடினார். கூடுதல் நேரம் முடிய நான்கு நிமிடம் இருக்கும்போது கைகலப்பில் செல்சி ஸ்ட்ரைக்கர் திதியே ட்ரோக்பா விடிச்சின் கன்னத்தில் தட்டி, சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார். செல்சியின் நல்ல பெனால்டி ஆட்டக்காரர்களில் ஒருவர் அப்படிப் போனதால்தான் ஐந்தாவது பெனால்டிக்கு ஜான் டெர்ரி வரவேண்டியதாயிற்று. டெர்ரி வழுக்கினார், பந்து கம்பத்தில் பட்டது, கோப்பை யுனைடெடுக்கு வந்தது. ட்ரோக்பாவும் விடிச்சும் மோதிய ஆட்டங்களை எல்லாம் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தால், இரண்டு பேருமே ஒருவரை ஒருவர் ஒரு பந்துக்குக்கூட ஓய்வெடுக்க விட்டதில்லை என்பது தெரியும்.

2008-09தான் உச்சம். நவம்பரில் ஆர்சனலிடம் 2-1 என்று தோற்ற பிறகு, லீகில் தொடர்ச்சியாக 14 ஆட்டங்களில் யுனைடெட் கோலே வாங்கவில்லை. வான் டெர் சார் 1,311 நிமிடம் கோல் விடாமல் இருந்தார். மார்ச் 4ஆம் தேதி நியூகாசிலில்தான் அது முடிந்தது. அந்த ஓட்டத்தில் பெர்டினாண்ட் காயத்தால் பல ஆட்டங்களில் இல்லை. ஜானி எவன்ஸ் என்ற இளம்பையன் பக்கத்தில் நின்றான். நடுவில் நின்று தாங்கிப் பிடித்தது விடிச்தான். கோலும் அடித்தார். டிசம்பரில் சண்டர்லேண்டுக்கு எதிராகக் கூடுதல் நிமிடத்தில் அடித்த கோல்தான் அந்த ஆட்டத்தின் ஒரே கோல். ஜனவரியில் செல்சியை 3-0 என்று வென்றபோது முதல் கோல் அவருடையது. மார்ச்சில் சாம்பியன்ஸ் லீகில், மொரின்யோ பயிற்சி கொடுத்த இன்டர் மிலானுக்கு எதிராக நான்காவது நிமிடத்திலேயே கார்னரில் தலையால் முட்டி அடித்தார். அந்த வருடம் பிரீமியர் லீகின் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்கு. கிரிஸ்டியானோ ரொனால்டோவும் ரூனியும் ஆடிய அணியில் ஒரு டிஃபெண்டர் அதை வாங்கினார் என்பதை யோசித்துப் பாருங்கள்.

இன்டர் ஆட்டம் முடிந்து மூன்றே நாளில் வந்தது நீங்கள் பார்த்த அந்த வீடியோ. 2009 மார்ச் 14, யுனைடெடின் சொந்த மைதானமான ஓல்ட் டிராஃபோர்டில் லிவர்பூல் 4-1 என்று ஜெயித்த ஆட்டம். யுனைடெட் 1-0 என்று முன்னால் இருக்கும்போது, லிவர்பூல் டிஃபெண்டர் ஷ்கர்டெல் பின்னாலிருந்து ஒரு நீளமான பந்தை உதைக்கிறார். அதில் பெரிய திட்டம் ஒன்றும் இல்லை. விடிச்சுக்கு நேரம் இருந்தது. வழக்கம்போல ஓடிப்போய் முட்டி அனுப்பியிருந்தால் யாருக்கும் அது ஞாபகமே இருந்திருக்காது. அவர் அதைத் தரையில் குத்தவிட்டார். டோரஸை உடம்பால் மறைத்துக்கொண்டு, பந்து கோல்கீப்பரிடம் போகட்டும் என்று நினைத்தார் போலும். பந்து எகிறி நின்றது. டோரஸ் பக்கவாட்டில் நுழைந்து பறித்துக்கொண்டு ஓடி, நிதானமாக உள்ளே தள்ளிவிட்டார். அப்புறம் இரண்டாம் பாதியில், தன்னைத் தாண்டிய ஜெரார்டைப் பிடித்து இழுத்து விடிச் சிவப்பு அட்டை வாங்கினார். அந்த ஃப்ரீகிக்கையே அவுரேலியோ கோலாக்கினார்.

டோரஸ் அவரைத் தாண்டிப் போனதற்குக் காரணம் விடிச்சின் பாணி மோசம் என்பதல்ல. அந்த ஒரு பந்துக்கு அவர் தன் பாணியில் ஆடவில்லை. பந்தை எதிர்கொண்டு போகிற ஆள் அன்றைக்குக் காத்திருந்தார். டோரஸ் அவருக்கு ஒத்துவராத எதிரி என்பதை நான் மறுக்கவில்லை. உடம்போடு உடம்பு மோத வராமல், தோளுக்குப் பின்னால் மறைந்து நின்று ஓடுகிற ஆளிடம் விடிச் தடுமாறத்தான் செய்தார். லிவர்பூலுக்கு எதிராக மட்டும் அவர் நான்கு முறை வெளியேற்றப்பட்டார்: 2008 செப்டம்பர், 2009 மார்ச், 2009 அக்டோபர் என்று அடுத்தடுத்து மூன்று லீக் ஆட்டங்கள், பிறகு 2014 மார்ச். ஆனால் ஒரு ஆட்டக்காரரை எடைபோட ஒரே எதிரியை வைத்துக்கொண்டால் யாரும் தேறமாட்டார்கள். 4-1 என்று தோற்ற அந்த சீசனில் பட்டம் வாங்கியது யுனைடெட். லிவர்பூலைவிட நான்கு புள்ளி அதிகம். 38 ஆட்டங்களில் அவர்கள் வாங்கிய கோல் 24தான்.

விமர்சிக்கவேண்டும் என்றால் டோரஸைவிட பார்சிலோனாவைச் சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். 2009இல் ரோமிலும் 2011இல் வெம்ப்ளியிலும் இரண்டு இறுதி ஆட்டங்கள், இரண்டிலும் தோல்வி. ரோமில் பத்தாவது நிமிடத்தில் பார்சிலோனாவின் ஈட்டோ பக்கவாட்டிலிருந்து உள்ளே வெட்டி விடிச்சைத் தாண்டி அடித்தார். மெஸ்ஸி நடு ஸ்ட்ரைக்கராகப் பெயருக்கு நின்றுகொண்டு, நடுக்களத்துக்கு இறங்கிப் பந்து வாங்கினார். பாய்ந்து மோத எதிரில் ஆளே இல்லாதபோது விடிச்சின் ஆயுதம் உறைக்குள்ளேயே கிடந்தது. மெஸ்ஸியைப் பின்தொடர்ந்து போனால் நடுவில் ஓட்டை விழும், போகாவிட்டால் மெஸ்ஸி திரும்பிவிடுவார். அன்றைக்கு இதற்கு அவரிடம் விடை இல்லை. பெர்குசனிடமும் இல்லை, அந்த வருடங்களில் ஐரோப்பாவில் அநேகம் பேரிடம் இல்லை.

2010-11இல் அவர் கேப்டன். பெர்டினாண்ட் பாதி சீசன் காயத்தில். இருந்தும் லீக் பட்டம் வந்தது, சிறந்த ஆட்டக்காரர் விருது விடிச்சுக்கு இரண்டாவது முறையாக வந்தது. சாம்பியன்ஸ் லீகில் இறுதிக்குப் போகும்வரை வெளியூரில் ஆடிய ஆறு ஆட்டங்களிலும் யுனைடெட் ஒரு கோல்கூட வாங்கவில்லை. நான் 2008-09ஐ உச்சம் என்றேன். ஆனால் தலைமை தாங்கியவர் என்று பார்த்தால் இந்த வருடத்தைத்தான் சொல்வேன்.

தேசிய அணியில் மட்டும் அவருக்கு நல்லது நடக்கவே இல்லை. 2010 உலகக் கோப்பைக்கு இவானோவிச், விடிச், லுகோவிச், கோலாரோவ் என்று பலமான பின்வரிசையோடு போனார்கள். கானாவிடம் 1-0 தோல்வி. ஜெர்மனியை 1-0 என்று வென்றார்கள். அந்த ஆட்டத்தில் விடிச் கையால் பந்தைத் தொட்டு பெனால்டி கொடுத்தார், ஸ்டோய்கோவிச் அதைப் பிடித்துக் காப்பாற்றினார். அப்புறம் ஆஸ்திரேலியாவிடம் 2-1 என்று தோற்று ஊர் திரும்பினார்கள். 2011 அக்டோபரில் மாரிபோரில் ஸ்லோவேனியாவுக்கு எதிரான ஆட்டம். ஜெயித்தால் யூரோ பிளே-ஆஃப். 1-0 என்று பின்தங்கியிருக்கும்போது பெனால்டி கிடைத்தது. விடிச் முன்வந்து எடுத்தார். ஸ்லோவேனியாவின் கோல்கீப்பர் சமீர் ஹண்டானோவிச் தடுத்தார். அத்தோடு அந்தத் தகுதிச் சுற்றும் முடிந்தது, விடிச்சின் தேசிய ஆட்டமும் முடிந்தது. முப்பது வயதுகூட நிறையாதபோது, 56 ஆட்டங்களோடு ஓய்வு அறிவித்தார். தோல்விகளுக்கெல்லாம் அவர் பெயரைச் சொன்ன ரசிகர்கள் செர்பியாவில் இருந்தார்கள். ஒரு டிஃபெண்டர் பொறுப்பை ஏற்று பெனால்டி எடுக்க வந்ததற்கு அப்படி ஒரு பலன் கிடைத்திருக்கக் கூடாது.

இரண்டு மாதத்தில் முழங்காலும் போனது. 2011 டிசம்பர் 7, சுவிட்சர்லாந்தின் பாசலில் முதல் பாதி முடியும் தறுவாயில் கால் மடங்கி, தசைநார் கிழிந்தது. சீசன் முடிந்தது. அந்த ஆட்டத்தில் தோற்று யுனைடெட் சாம்பியன்ஸ் லீகிலிருந்தே வெளியேறியது. திரும்பி வந்த பிறகு 2012 செப்டம்பரில் மறுபடி முழங்கால் அறுவை சிகிச்சை. ஓடிவந்து எம்புகிற ஆட்டத்துக்கு முழங்கால்தான் முதல். அந்த முதல் இரண்டடி வேகம் குறைந்ததும், முன்பு முந்திப்போய் எடுத்த பந்துக்கு அவர் அரை நொடி தாமதமாக வந்தார். பெர்டினாண்டுக்கும் வயதாகிவிட்டது. இருந்தும் 2013இல் பெர்குசனின் கடைசிப் பட்டத்தைக் கேப்டனாகத் தூக்கியவர் அவர்தான். அது அவருடைய ஐந்தாவது லீக் பட்டம். 2014இல் விடைபெற்றபோது யுனைடெடுக்காக ஆடியது 300 ஆட்டம், அடித்தது 21 கோல்.

இன்டர் மிலானில் கழிந்த காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. டொரினோவுக்கு எதிரான முதல் லீக் ஆட்டத்திலேயே சிவப்பு அட்டை. மாரிபோரில் பெனால்டியைத் தடுத்த ஹண்டானோவிச்தான் அங்கே அவருக்குப் பின்னால் நின்ற கோல்கீப்பர். ஒரு சீசன் ஆடினார், அடுத்ததில் காயம். 2016 ஜனவரியில் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு 34 வயதில் ஓய்வு பெற்றார். 2023இல் செர்பியக் கால்பந்துச் சங்கத் தலைவர் பதவிக்கு நிற்பதாக அறிவித்து, வாக்கெடுப்புக்கு முன்பே விலகினார். பழைய ரெட் ஸ்டார் நட்சத்திரம் டிராகன் ஜாயிச் தலைவரானார். நிர்வாகத்தை மாற்றவேண்டும் என்று வெளிப்படையாகப் பேசிய ஒருவர் அந்த இடத்துக்கு வராமல் போனதில் எனக்கு வருத்தம் உண்டு.

நீங்கள் அந்த 4-1 வீடியோவை மட்டும் பார்த்திருந்தால், அதே வாரம் நடந்த இன்டர் ஆட்டத்தையும் 2009 ஜனவரி செல்சி ஆட்டத்தையும் முழுதாகத் தேடிப் பாருங்கள். சுருக்க வீடியோ போதாது, அதில் கோல்கள்தான் இருக்கும். செல்சி ஆட்டத்தில் ட்ரோக்பாவை நோக்கி வரும் உயரமான பந்து ஒவ்வொன்றுக்கும் விடிச் எங்கே நிற்கிறார், எப்போது கிளம்புகிறார் என்று மட்டும் கவனியுங்கள். முதல் பாதி முடிவதற்குள் உங்கள் கேள்விக்கு நான் எழுதியதைவிட நல்ல பதில் கிடைத்துவிடும்.